பிரிஸ்டல் ரென் ஃபேர்: கோடை வந்தால் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் கடைசி வாரம் வந்துவிட்டால் என் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வரிசை கட்டும். சிகாகோ புறநகரில் இருக்கும் தோழிகள், அவர்களுடைய தோழிகள், ஊரிலிருந்து வந்திருக்கும் யாரோ ஒருவருடைய அத்தை, எல்லாருக்கும் ஒரே சந்தேகங்கள். எட்டுக் கோடைகளாகப் போய் வந்த தைரியத்தில் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, இந்த ரென் ஃபேர்னா என்ன? எக்ஸிபிஷனா, தீம் பார்க்கா?

ஒரு ஊரையே மேடையாக்கி நடத்தும் நாள் முழுக்கக் கூத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் மர வீடுகள், கடைத்தெரு, சின்னச் சின்ன மேடைகள், குதிரை மேல் ஈட்டியோடு மோதும் போட்டிக்கு ஒரு களம். ராணி, பிரபு, திருடன், மீன்காரி என்று வேஷம் கட்டியவர்கள் தெருவில் திரிவார்கள். நீங்கள் வாசலைத் தாண்டியதும் அந்த ஊருக்கு வந்த வெளியூர்க்காரர் ஆகிவிடுவீர்கள். முழுப் பெயர் ரெனசான்ஸ் ஃபேர். ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். எல்லாரும் சுருக்கி ரென் ஃபேர் என்பார்கள்.

கூத்தில் கட்டியங்காரன் எப்படிக் கதைக்குள்ளும் இருப்பான், நம்மோடும் பேசுவானோ, இங்கே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். என் மாமனார் விழுப்புரம் பக்கத்துக்காரர், விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். நான் பத்து நிமிடம் விளக்கியும் புரியாதது, கோமாளி ஒருவன் அவருடைய குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

எந்த ஊர் ஃபேர்? எப்போ நடக்கும்?

நான் சொல்வது விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோஷாவை ஒட்டி நடக்கும் பிரிஸ்டல் ரெனசான்ஸ் ஃபேர். இல்லினாய் எல்லையைத் தாண்டிய உடனே, 94ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. சிகாகோவிலிருந்து நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே வரை, சனி ஞாயிறுகளில் மட்டும், காலை 10 மணி முதல் மாலை 7 மணி வரை. கடைசி வாரம் மட்டும் திங்களும் உண்டு.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் உங்கள் ஊர்க் காலத்தைப் பாருங்கள். கொலராடோவில் லார்க்ஸ்பர் ஃபேர் கோடையில். மினசோட்டாவில் ஷாகபீ, மேரிலாந்தில் கிரவுன்ஸ்வில் இரண்டும் ஆகஸ்ட் பிற்பாதியில்தான் தொடங்கும். டெக்சாஸில் டாட் மிஷன் ஊரில் நடப்பது பெரிய ஃபேர், ஆனால் அக்டோபர், நவம்பரில்.

இது இங்கிலாந்துல பரம்பரையா நடக்கிறதை இங்க கொண்டு வந்தாங்களா?

இல்லை. சுத்தமான கலிஃபோர்னியாச் சரக்கு. லாஸ் ஏஞ்சலஸில் ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியை, வீட்டுக் கொல்லைப்புறத்தில் பிள்ளைகளுக்குப் பழைய இத்தாலியத் தெரு நாடகம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து வளர்ந்த யோசனை இது. அவரும் கணவர் ரானும் 1963 மே மாதம் ஒரு வார இறுதியில் முதல் ஃபேரை நடத்தினார்கள். கே.பி.எஃப்.கே. என்ற வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டுவதற்காக! அது பிடித்துப்போய் ஆண்டுதோறும் நடந்தது, பிற மாநிலங்களுக்கும் பரவியது. பிரிஸ்டல் ஃபேர் 1970களின் தொடக்கத்தில் கிங் ரிச்சர்ட்ஸ் ஃபேர் என்ற பெயரில் தொடங்கியது. 1988இல் இப்போதைய பெயர் வந்தது.

எத்தனை மணிக்குக் கிளம்பணும்? மத்தியானமாப் போனா போதாதா?

போதாது. காலையில் வாசல் திறக்கும்போதே ஒரு சின்ன நாடகம் உண்டு. ஊர்க்காரர்கள் மதில் மேல் நின்று வரவேற்பார்கள். 11 மணிக்கு மேல் கார் நிறுத்தும் வயலுக்கே வரிசை நிற்கும். நாங்கள் வீட்டை விட்டு எட்டரைக்குக் கிளம்பிவிடுவோம்.

உள்ளே நுழைந்ததும் வரைபடத்தையும் நிகழ்ச்சி அட்டவணையையும் பாருங்கள். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, முயலவும் வேண்டாம். ஒரு குதிரைப் போட்டி, ராணியின் ஊர்வலம், மூன்று மேடை நிகழ்ச்சி, இவ்வளவு குறித்துக்கொண்டு மீதி நேரத்தைத் தெருவுக்கு விட்டுவிடுங்கள். கண்ணாடி ஊதுபவர் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு 'ஐயோ, அட்டவணை!' என்று ஓடும் குடும்பங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

வெயில் தாங்குமா? அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காங்க, நடக்க முடியுமான்னு பயமா இருக்கு.

சென்னை மே மாதம் பார்த்தவர்களுக்கு 30 டிகிரி ஒன்றுமில்லைதான். ஆனால் அவர்கள் அங்கே மத்தியான வெயிலில் ஏழு மணி நேரம் நடந்திருக்க மாட்டார்கள். மிச்சிகன் ஏரி பக்கம் என்பதால் சில நாள் புழுக்கமும் சேரும். தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் போத்தல். வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள், தண்ணீர்க்குத் தடை இருக்காது. இருந்தாலும் அந்த ஆண்டின் விதியை அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். என் மூன்றாவது முறையில், தண்ணீரைக் காரிலேயே விட்டுவிட்டு வீராப்பாகச் சுற்றினேன். மூன்று மணிக்குத் தலை சுற்றி ஒரு பானைக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

தரை மண்ணும் சரளையும் ஏற்ற இறக்கமும்தான். முட்டி வலி உள்ளவர்களுக்குச் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போதும். 12 முதல் 3 வரை நிழல் உள்ள மேடையாகப் பார்த்து ஒரே இடத்தில் உட்கார்த்தி வையுங்கள், நிகழ்ச்சிகள் தானாக மாறி மாறி வரும். புல்வெளியும் மரமும் நிறைய என்பதால், வீட்டுக்கு வந்ததும் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வேஷம் கட்டணுமா? சாதா டீ-ஷர்ட்ல போனா கேலி பண்ணுவாங்களா?

கட்டாயமில்லை. பாதிக்கு மேல் சாதா உடையில்தான் வருகிறார்கள். ஆனால் ஒரு முறையாவது கட்டிப் பாருங்கள், நடிகர்கள் உங்களிடம் பேசும் விதமே மாறிவிடும். வாசல் பக்கம் வாடகைக்கும் கிடைக்கும். வெல்வெட், கருப்புத் தோல் மேலங்கி எல்லாம் படத்தில் நன்றாக இருக்கும், ஜூலையில் உயிரை எடுக்கும். லினன் அல்லது பருத்திச் சட்டை, நீளப் பாவாடை, இடுப்பில் ஒரு தோல் பை போதும்.

ஒரு வேடிக்கை. இந்த ஃபேரின் கதை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1574இல் நடக்கிறது. அதே 1574 ஜூனில்தான் எலிசபெத் ராணி, யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று ஆணை பிறப்பித்தார். ஊதாப் பட்டும் பொன் இழைத் துணியும் அரச குடும்பத்துக்கும் உயர்ந்த பிரபுக்களுக்கும் மட்டும். நம் ஊரில் யார் தோளில் துண்டு போடலாம் என்று பார்த்தார்களே, அதே புத்திதான். ஒரு முறை ஊதா நிறப் பாவாடையில் போயிருந்தேன். பிரபு வேஷக்காரர் ஒருவர் வழிமறித்து, 'அரச குடும்பத்தில் உங்களுக்கு என்ன உறவு?' என்று விசாரணையே நடத்தினார்.

சேலை கட்டிட்டுப் போகலாமா, அக்கா? பொருந்துமா?

தாராளமாக. கேட்டால் விஜயநகரத்திலிருந்து வந்த தூதுக்குழு என்று சொல்லிவிடுங்கள். 1574இல் மதுரையிலும் தஞ்சையிலும் நாயக்கர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். அந்த இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் இந்தியாவுக்கு வந்து சேரவில்லை. கோவாவில் தங்கிய முதல் ஆங்கிலேயர் என்று அறியப்படும் பாதிரியார் தாமஸ் ஸ்டீவன்ஸ் 1579இல்தான் வந்தார். அதற்கு ஓராண்டு முன்பே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது, 'தம்பிரான் வணக்கம்', 1578. இதை ஒரு நடிகையிடம் சொன்னேன். அடுத்த அரை மணி நேரம் என்னைத் 'தூர தேசத்து அச்சுக்கூடச் சீமாட்டி' என்று எல்லாரிடமும் அறிமுகப்படுத்திக்கொண்டே வந்தார்.

பட்டு மட்டும் வேண்டாம், புழுதியில் கரை போய்விடும். சுங்குடி மாதிரி லேசான பருத்திச் சேலை, கரண்டைக்கு ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

அவங்க பேசுற இங்கிலீஷே புரியல. திரும்ப என்ன சொல்றது?

காலை என்றால் 'குட் மாரோ', நன்றி என்றால் 'கிராமெர்சி', கைதட்டலுக்குப் பதில் 'ஹுஸா!' இந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடலாம். 'ப்ரிவி' என்று பலகை இருந்தால் கழிப்பறை.

'தௌ', 'யூ' இரண்டும் எல்லாரையும் குழப்பும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், நம் பிள்ளைகளுக்கு ஒரு வரி போதும்: 'தௌ' என்றால் நீ, 'யூ' என்றால் நீங்கள். அன்றைய இங்கிலாந்தில் பெரியவர்களையும் மரியாதைக்குரியவர்களையும் 'யூ', நெருங்கியவர்களையும் தனக்குக் கீழே என்று நினைத்தவர்களையும் 'தௌ'. கடவுளுக்கும் 'தௌ'தான். நாமும் முருகனை 'நீங்கள்' என்பதில்லையே! ஆகவே ராணியிடம் 'தௌ' என்று ஆரம்பித்தால், முதலமைச்சரைப் பார்த்து 'ஏய் நீ' என்ற மாதிரி. என் மகள் ஏழு வயதில் வேண்டுமென்றே அப்படிச் சொல்லி, பக்கத்தில் நின்ற காவலனை மயக்கம் போட வைத்தாள். அந்த நடிப்புக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது.

நாங்க சைவம். பட்டினியா?

பட்டினி இல்லை, ஆனால் விருந்தும் இல்லை. சுட்ட சோளம், உருளைக்கிழங்கு வறுவல், சீஸ் வைத்த ஏதாவது, ரொட்டிக் கிண்ணத்தில் சூப், பழ ஐஸ். சூப்பில் மாட்டு எலும்புச் சாறு இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். காலையில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், திரும்பும்போது சாப்பிடக் காரில் புளியோதரை இருக்கட்டும். கார் நிறுத்தும் இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்துத் தயிர்சாதம் சாப்பிடும் தமிழ்க் குடும்பத்தை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

சோளமும் உருளையும் அமெரிக்கப் பயிர்கள், எலிசபெத் காலத்துச் சாதாரண ஆங்கிலேயர் தட்டில் இருந்திருக்காது. அதைச் சொல்லி யாரையும் மட்டம் தட்ட வேண்டாம். நம் குழம்பில் மிளகாய் வந்ததும் அந்த நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாகத்தான்.

வான்கோழிக் கால் வாங்கினோம், உள்ளே சிவப்பா இருந்துச்சு. வேகலையோன்னு தூக்கிப் போட்டுட்டோம்.

ஐயையோ. உப்புக் கலவையில் ஊறவைத்துப் புகையில் வேகவைத்த இறைச்சி முழுக்க வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். அந்தக் கலவையில் உள்ள நைட்ரைட் செய்யும் வேலை. பன்றித் தொடைக் கறி சிவப்பாக இருப்பதும் இதனால்தான். ஒரு கால் இரண்டு பேருக்குத் தாராளம். கையால் பிடித்துக் கடித்துத்தான் தின்ன வேண்டும், அதனால் ஈரத் துடைப்பான் எடுத்துப் போங்கள்.

டிக்கெட் வாங்கித்தானே உள்ள வந்தோம், அப்புறம் ஏன் ஒவ்வொரு ஷோ முடிஞ்சதும் தொப்பியை நீட்டுறாங்க?

மேடைக் கலைஞர்கள் பலருக்கு வருமானத்தின் பெரும்பகுதி அந்தத் தொப்பியில் விழுவதுதான். கத்தி வீசுபவர், சாட்டை சுழற்றுபவர், கழைக்கூத்தாடி எல்லாரும் ஒரு ஃபேர் முடிந்து அடுத்த ஃபேருக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்கள். லாஸ் வேகாஸில் பெரிய பெயரெடுத்த மேஜிக் கலைஞர்கள் பென், டெல்லர் இணைகூட 1970களில் மினசோட்டா ஃபேரில் ஆடியவர்கள்தான். குடும்பமாக முழு நிகழ்ச்சியும் சிரித்துப் பார்த்தால் நான் 10 டாலர் போடுவேன், சுமாராக இருந்தால் 5. பிள்ளைகள் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். வங்கி அட்டையை நம்பாமல் 1, 5, 10 டாலர்த் தாள்களாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் எழுந்து போவதில் தப்பில்லை. கடைசி வரை இருந்துவிட்டு, தொப்பி வரும் நேரம் பார்த்துச் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வதுதான் அசிங்கம்.

குதிரைச் சண்டையில நிஜமாவே குத்திக்கறாங்களா?

குதிரை நிஜம், மோதல் நிஜம், யார் ஜெயிப்பது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே பேசியது. ஈட்டியின் முனைப்பகுதி சுலபமாக உடையும் மரத்தில் செய்யப்பட்டிருக்கும். சில ஃபேர்களில் முடிவு பேசி வைக்காத முழுப் போட்டியும் நடக்கும். மேரிலாந்தில் குதிரை மேல் ஈட்டி ஏந்தும் போட்டி 1962 முதல் மாநில விளையாட்டு. எப்படியானாலும் 20 கிலோவுக்குக் குறையாத கவசத்தோடு ஓடும் குதிரை மேல் உட்கார்ந்து அடி வாங்குவது விளையாட்டு இல்லை. 1559இல் பிரான்ஸ் அரசர் இரண்டாம் ஹென்றி இதே போட்டியில் உடைந்த ஈட்டிச் சிம்பு கண் வழியே ஏறி, பத்து நாளில் செத்துப்போனார்.

அரை மணி முன்னால் போய் உட்காருங்கள். உங்கள் தரப்பு வீரனுக்காகக் கத்துங்கள். மாலைக் கடைசிப் போட்டியில் ரத்தம், மரணம் எல்லாம் நடிப்பார்கள், பயப்படும் குழந்தைகளுக்கு மதியப் போட்டி போதும்.

பையன் வாள் வேணும்னு அடம் பிடிக்கிறான். வாங்கலாமா?

மர வாள் வாங்கிக் கொடுங்கள், கேடயத்தோடு. உண்மை எஃகு வாள் விற்கும் கடைகளும் உண்டு. வாங்கினால் உறையோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள், மைதானத்தை விட்டு வெளியேறும் வரை அவிழ்க்கக் கூடாது. தாத்தா ஊருக்குத் திரும்பும்போது எடுத்துப் போக வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு முறை யோசியுங்கள். கைப்பையில் விமானத்துக்குள் விட மாட்டார்கள், நீளமான கத்திக்கு இந்தியாவில் ஆயுதச் சட்டமும் குறுக்கே வரும்.

சின்னப் பசங்களுக்கு ஏத்ததா? டபுள் மீனிங் ஜோக் வருமாமே.

வரும். துணி துவைக்கும் பெண்களாக வரும் காட்சி ஒன்று, சேற்றில் புரண்டு சேற்றையே வாயில் போட்டுக்கொள்ளும் பிச்சைக்காரர்கள் காட்சி ஒன்று, இரண்டிலும் பேச்சு கொஞ்சம் வழுக்கும். ஆறு வயதுக்குத் தலைக்கு மேலே போய்விடும், பதிமூன்று வயதுக்கு நன்றாகவே புரியும், உங்களைத் திரும்பிப் பார்க்கும். அட்டவணையிலோ பலகையிலோ பெரியவர்களுக்கு என்று குறித்திருந்தால் நம்புங்கள். முன் வரிசையில் கணவரை உட்கார வைக்காதீர்கள். என்னவரை ஒரு முறை மேடைக்கு இழுத்து, நனைந்த சட்டையைப் பிழிய வைத்து, பிழிந்த லட்சணத்துக்குத் திட்டும் வாங்கிக் கொடுத்தார்கள்.

சின்னவர்களுக்கு மனிதர்களே தள்ளிச் சுற்றும் ஊஞ்சல், வில் அம்பு, மெழுகில் கை முக்குவது என்று நிறைய உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு என்பதை வாசலிலேயே சொல்லி, தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுங்கள்.

அந்த ராணி நிஜமாவே பிரிஸ்டலுக்கு வந்தாங்களா, இல்ல கட்டுக்கதையா?

வந்தார். 1574 ஆகஸ்டில் எலிசபெத், இங்கிலாந்தின் துறைமுக நகரமான பிரிஸ்டலுக்குப் போனார். எனக்குப் பிடித்த விஷயம், நகரத்தார் அவருக்காகச் சின்னக் கோட்டைகள் கட்டி மூன்று நாள் பொய்ச் சண்டை நடத்திக் காட்டினார்கள். தாமஸ் சர்ச்யார்ட் என்ற கவிஞர் எழுதிக் கொடுத்த காட்சிகளும் உண்டு. ஆக, நாம் காசு கொடுத்துப் பார்க்கும் வேடிக்கை, அன்றைக்கு ராணி பார்த்த வேடிக்கையின் வேடிக்கை.

அப்போ வைகிங், கடற்கொள்ளைக்காரன், தேவதை எல்லாம் எப்படி வந்தாங்க? ஒரே குழப்பமா இருக்கே.

பார்வையாளர்கள் கட்டிக்கொண்டு வருவது. சம்பளம் வாங்கும் நடிகர்கள் 1574ஐ ஓரளவு காப்பாற்றுவார்கள், டிக்கெட் வாங்கியவர்கள் எதிலும் வருவார்கள். நுணுக்கமான வரலாறு வேண்டும் என்றால் கொல்லர் பட்டறைக்கும் நெசவாளர் குடிலுக்கும் போய்க் கேள்வி கேளுங்கள். கூட்டம் குறைந்த காலை நேரமாகப் பாருங்கள், கையோடு வேலை செய்து காட்டிப் பேசுவார்கள்.

நம்மள ஆண்டவங்களோட ராணிக்கு நாம ஏன் 'வாழ்க' போடணும்?

போட வேண்டாம். நான் போடுவதில்லை, ஊர்வலம் வரும்போது கை மட்டும் தட்டுவேன், நடிகைக்காக. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600 டிசம்பர் 31இல் உரிமைச் சாசனம் கொடுத்தவர் இதே எலிசபெத். 1562இல் ஜான் ஹாக்கின்ஸ் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து விற்கக் கப்பல் விட்டான், அடுத்த பயணத்துக்கு ராணியே தன் கப்பலைக் கொடுத்தார். ஃபேரின் தெருவில் இந்தக் கப்பல்கள் வராது. அங்கே எல்லாரும் நல்ல குடிகள், ராணியும் நல்லவள்.

என் பிள்ளைகளுக்கு அதைத் திரும்பி வரும் காரில் சொல்கிறேன். சோழர் கதை பார்க்கும்போதும் இலங்கையில் எரிந்த ஊர்களை நாம் பெரிதாக நினைப்பதில்லை என்று பெரியவள் போன ஆண்டு திருப்பிக் கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் ரேடியோவை வைத்தேன்.

மழை வந்தா காசு திருப்பிக் கொடுப்பாங்களா?

மழையிலும் நடக்கும் என்றுதான் டிக்கெட்டே விற்கிறார்கள், ஆகவே நம்பாதீர்கள். இடி மின்னல் வந்தால் நிகழ்ச்சிகளை நிறுத்தி எல்லாரையும் ஒதுங்கச் சொல்வார்கள், பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். அப்புறம் கூட்டம் பாதியாகிவிடும், வரிசை இருக்காது, முன்னால் சொன்ன சேற்றுக்காரர்கள் கொண்டாட்டமாக இருப்பார்கள். காரில் மாற்று உடையும், இருக்கையில் போட ஒரு பழைய படுக்கை விரிப்பும் இருக்கட்டும்.